பிளாஸ்க்கின் பங்கு

டீக்கடையில் டீ வாங்கி, அதில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்த ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

எண்ணூர் ரோட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. லாரிக்காரர்கள், லோடுமேன்கள், எங்களை மாதிரி கெமிக்கல் கம்பெனி ஆபரேட்டர்கள் எல்லோரும் காலையில் அங்கேதான் நிற்போம். நான் சொல்கிற மேடம் எங்கள் லேபில் கெமிஸ்ட்டாகச் சேர்ந்து மூன்று நாள் ஆகியிருக்கும். "சூடா ஒரு டீ" என்று கேட்டாங்க. கடைக்காரர் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "சூடே இல்லையே" என்றாங்க.

"ஆவி பறந்துகினு கீது, சூடில்லன்றியே மா. கண்ண இன்னா வூட்டுலயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றார் கடைக்காரர்.

அவங்க கைப்பையைத் திறந்து ஒரு நீளமான கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்தாங்க. "இது டீக்குன்னே தனியா வச்சிருக்கிறது, சுத்தமானது" என்று பக்கத்தில் நின்ற எங்களுக்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு, கிளாஸுக்குள் விட்டாங்க. வடை எடுக்கப் போன லாரி டிரைவரின் கை அந்தரத்தில் நின்றது.

கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாமா, டீக்கு ஜொரமா?"

"அம்பத்தெட்டு டிகிரி. அடுப்புல தொண்ணூறுக்கு மேல இருந்திருக்கும். நீங்க ஆத்துனதுல கொஞ்சம் காத்துக்குப் போச்சு. மிச்சம் எங்க?" என்று கேட்டுவிட்டு, கிளாஸைத் தூக்கிக் காட்டினாங்க. "இது குடிச்சிருக்கு."

"கிளாஸு குடிச்சிதா? அப்ப காச கிளாஸாண்டயே வாங்கிக்கிறேன். நீ போம்மா, டைமாச்சி."

அன்றைக்கே ரோடு முழுக்க அவங்களுக்கு 'டீ டாக்டர்' என்று பேர் வைத்துவிட்டார்கள். நேரில் மட்டும் 'மேடம்'.

பிள்ளைங்களா, ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தில் கலோரிமீட்டர் பாடத்தைப் படித்து நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐடிஐ வரைக்கும் போனவன். அந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தில் வரவில்லை. மேடம் வழியாக வந்தது. அவங்க பேரை எழுதவில்லை. எழுதினால், "பேரு எதுக்கு, ரீடிங்க எழுதுங்க" என்று சொல்லக்கூடிய ஆள்.

ராயபுரம்தான் அவங்களுக்கு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது சின்னவங்க, அதனால் என்னை 'அண்ணே' என்பாங்க. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் லேப்.

கலோரிமீட்டர் என்றால் ஏதோ பெரிய மெஷின் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லேபில் இருந்தது ஒரு எவர்சில்வர் பிளாஸ்க். மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் ரப்பர் கார்க் வழியாகத் தெர்மாமீட்டர், இன்னொன்றில் கலக்குவதற்கு ஒரு கம்பி. அவ்வளவுதான். அதையும் கம்பெனி வாங்கித் தரவில்லை. 'வெப்பத்தை அளக்க பிளாஸ்க் ஒன்று தேவை' என்று அவங்க எழுதிய லெட்டருக்கு, 'டீ அருந்துவதற்கு வாசலில் கடை உள்ளது' என்று பதில் வந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்தாங்க.

ஒருநாள் நான் சாம்பிள் பாட்டிலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு கேள்வி கேட்டாங்க.

"அண்ணே, பிளாஸ்க்ல அம்பது மில்லி தண்ணி இருக்கு, முப்பது டிகிரி. அதுல அறுபது டிகிரி தண்ணி அம்பது மில்லி ஊத்துறேன். கலந்தா எவ்வளவு வரும்?"

"நடுவுல வரும். நாப்பத்தஞ்சு."

ஊற்றி, மூடி, கலக்கிக் காட்டினாங்க. நாற்பத்து மூன்று புள்ளி ஆறு.

"ஒண்ணரை டிகிரிகிட்ட குறையுது. யாரு எடுத்தது?"

எங்கள் கம்பெனியில் எது குறைந்தாலும் சொல்கிற பதிலையே சொன்னேன். "லீக்கேஜ், மேடம்."

"மூடி டைட்டா இருக்கு. திருடன் உள்ளதான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு பிளாஸ்க்கைத் தட்டினாங்க. பிளாஸ்க்கும் சூடாக வேண்டும் அல்லவா? தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தண்ணிக்கு விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த பிளாஸ்க் பத்து மில்லி தண்ணி குடிக்கிற அளவுக்குச் சூட்டைக் குடிக்கிறது. நூறு மில்லி ஊற்றினால் நூற்றிப்பத்து என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். அந்தப் பத்தை மார்க்கர் பேனாவால் பிளாஸ்க்கின் அடியில் எழுதி வைத்திருந்தாங்க.

இதோடு விட்டிருந்தால் அவங்களை யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உலகத்தில் எதைச் சொன்னாலும் அவங்களுக்குப் 'பாத்திரத்தின் பங்கு' தெரிந்தாக வேண்டும். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால், கூடையோடு எடை போடும்போது, "கூடை எவ்வளவு?" என்பாங்க. மீன்காரம்மா, "மீனக் கேளும்மா, கூடைய எதுக்குக் கேக்குற? கூடைய கொழம்பு வைக்கப் போறியா?" என்று கத்தும். "அதத்தான் நானும் சொல்றேன். குழம்பு வைக்க முடியாததுக்கு எதுக்கு எடை?" என்று இவங்க அசையாமல் நிற்பாங்க. பின்னால் நிற்கிற கூட்டம் இரண்டு பேரையும் திட்டும்.

டில்லிபாபு தங்கச்சி கல்யாணம் கொருக்குப்பேட்டையில் நடந்தது. டில்லிபாபு என்னோடு ஷிப்ட் பார்க்கிற ஆபரேட்டர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பெரிய பிரியாணி தேக்சாவைத் திறந்தார்கள். நாலு மணிக்குக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த ஒருத்தர் அதே தேக்சாவிலிருந்து வந்த சோற்றில் கையை வைத்துவிட்டு, "அய்யோ" என்று விரலை உதறினார். அவ்வளவுதான், மேடம் கைப்பையோடு எழுந்து சமையல் பந்தலுக்குப் போய்விட்டாங்க. தேக்சாவுக்குள் தெர்மாமீட்டரைச் செருகினதைப் பார்த்த பிரியாணி மாஸ்டர் மெர்சலாகி, "மேடம் கார்ப்பரேஷனா? ஐஸ் மட்டன் இல்ல மேடம், காலைல வெட்னது" என்று கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்கண்ணே" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. "தட்டுல போட்டா பத்து நிமிஷத்துல ஆறிடுது. தேக்சாவுல நாலு மணி நேரமா ஆறல. பாத்திரம் பெருசாக ஆக, சூட்ட வெளிய விடவே விடாது."

டில்லிபாபு என் காதில் சொன்னான். "மாமு, மொய் எழுதுனாங்களா, இல்ல ரீடிங் எழுதினு போய்ட்டாங்களா, பாரு."

இனி எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனுஷர் இல்லை. பண்டிகை நாளில் எங்களுக்கெல்லாம் தன் கையாலேயே ஸ்வீட் பாக்கெட் கொடுப்பார். ஒரே ஒரு குறை, அவருக்கு விடை முதலில் வந்துவிடும், கணக்கு அப்புறம்தான் வரும். எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு புது பேட்சுக்கும் ஒரு பாதுகாப்புப் படிவம் உண்டு. அதில் 'வினையின் வெப்பம்' என்று ஒரு வரி. எதிரே மூன்று பெட்டி: குறைவு, நடுத்தரம், திருப்திகரம். அதிகம் என்று ஒரு பெட்டியே கிடையாது. ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். மேடம் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் நம்பரை எழுதினாங்க. 'பெட்டிக்கு வெளியே எழுதக் கூடாது' என்று படிவம் திரும்பி வந்தது. அடுத்த தடவை பெட்டிக்குள்ளேயே, எறும்பு நடந்த மாதிரி எழுத்தில் அதே நம்பரை எழுதி அனுப்பினாங்க. மேனேஜர் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுப் படித்தார். படித்துவிட்டு, தானே 'திருப்திகரம்' மேல் டிக் போட்டுக்கொண்டார்.

இப்படியே போயிருக்கும். அந்த வருஷ மே மாதம் மஞ்சள் ஆசிட் வந்து கெடுத்தது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் இரும்பு கலந்துவிட்டால் மஞ்சளாகிவிடும், விலை போகாது. அப்படி ஆயிரம் லிட்டர் கெட்டுப்போய் நின்றது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர்கள் வருவதற்குள் அதை ஒழிக்க வேண்டும். ஒழிப்பது என்றால், அதைக் கலக்குகிற டேங்க்குக்கு மாற்றி, ஆயிரம் லிட்டர் காஸ்டிக் சோடாக் கரைசலை அதில் விட்டு உப்புத் தண்ணியாக மாற்றுவது. வழக்கமாக நிறையத் தண்ணி விட்டு இளக்கிவிட்டுத்தான் செய்வோம். அந்த மே மாதம் தண்ணி லாரி வரவில்லை. குடிக்கவே கேன் வாங்கிக்கொண்டிருந்தோம். மேனேஜர் சொன்னார்: "தண்ணியே வேண்டாம். நேரடியா கலந்துடுங்க. அரை மணி நேர வேலை."

பிள்ளைங்களா, ஆசிட்டும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சூடு வரும். டேங்க்குக்கு மேலே ஒரு இரும்பு மேடை. அதில் இரண்டு பேர் நின்று, திறந்த வாய்க்குள் காஸ்டிக்கை விட வேண்டும். உள்ளே இருப்பது கொதித்துப் பொங்கினால், அந்த வாய் வழியாக நேராக அந்த இரண்டு பேர் முகத்துக்குத்தான் வரும். அந்த இரண்டு பேர் நானும் டில்லிபாபுவும்.

மேடம் அதை அளந்தாங்க. இரண்டையும் பத்தில் ஒரு பங்காக இளக்கி, ஐம்பது மில்லி ஆசிட், ஐம்பது மில்லி காஸ்டிக், பிளாஸ்க், மூடி, கம்பி. ஆறு புள்ளி இரண்டு டிகிரி ஏறியது. பிளாஸ்க்கின் பங்கையும் சேர்த்து, நூற்றிப்பத்து கிராம் என்று வைத்துப் பெருக்கினால் ஒரு மோலுக்கு ஐம்பத்தேழு கிலோஜூல். உங்கள் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான் இருக்கும். ராயபுரத்து வீட்டு பிளாஸ்க்கில் புத்தகத்து நம்பர் வந்தது. அந்த மூஞ்சியில் சிரிப்பை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அடுத்த வரியை எழுதியதும் சிரிப்பு போய்விட்டது.

மேனேஜர் ரூமில் எங்களையும் நிறுத்தி வைத்துக்கொண்டு விளக்கினாங்க.

"சார், பிளாஸ்க் குடிச்சது போக ஏறினது ஆறு புள்ளி ரெண்டு. பிளாஸ்க் குடிக்கலைன்னா ஆறு புள்ளி எட்டு ஏறியிருக்கும். டேங்க்ல இருக்கிறது பத்து மடங்கு ஸ்ட்ராங். அப்போ அறுபத்தெட்டு டிகிரி ஏறும். ஏற்கெனவே வெயில்ல முப்பத்து நாலுல நிக்குது. மொத்தம் நூத்தி ரெண்டு. கொதிச்சிடும்."

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். "ஆறு புள்ளி ரெண்டுன்னு வச்சா?"

"அறுபத்திரண்டும் முப்பத்து நாலும் தொண்ணூத்தாறு."

"நூறுக்குக் கீழ. பாஸ்!"

"பாஸ் இல்ல சார். பிளாஸ்க்கோட பங்க சேர்க்கணும். சின்ன பாத்திரம்தான் சூட்டுல பத்துல ஒரு பங்கு குடிக்கும். அவ்வளவு பெரிய டேங்க் குடிக்காது, வெளியவும் விடாது. இதுக்கு மேல உப்புத் தண்ணி சாதாத் தண்ணிய விட சீக்கிரம் சூடாகும், அத நான் சேர்க்கவே இல்ல."

"ஏம்மா, நாம பிளாஸ்க்கயா டேங்குல போடப் போறோம்? பிளாஸ்க்க எதுக்கு சேக்குற?"

அவங்க கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாங்க. "சரி சார். ரெண்டாயிரம் லிட்டர் தண்ணி முதல்ல விட்டுட்டுச் செய்யலாம். மொத்தம் ரெண்டு மடங்காகும், ஏறுற சூடு பாதியாகும். முப்பத்து நாலு ஏறும், ஏற்கெனவே இருக்கிற முப்பத்து நாலோட சேர்த்து அறுபத்தெட்டுல நின்னுடும். ஃபயர் டேங்க் நிறைய தண்ணி இருக்கு."

"ஃபயர் டேங்க் தண்ணிய தொடக் கூடாது. அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு."

டில்லிபாபு மெதுவாகக் கேட்டான். "நெருப்பு வந்தா, சார்?"

"நெருப்பு வந்தாலும் ஆபீசர் பாத்துட்டுப் போற வரைக்கும் தொடக் கூடாது."

பிறகு மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. லேபில் புழுக்கமாக இருக்கிறது, அதனால்தான் சூடு அதிகமாக வருகிறது, சோதனையைத் தன் ஏசி ரூமிலேயே செய்து பார்ப்போம் என்றார். பிளாஸ்க் மேசைக்கு வந்தது. ஏசியைப் பதினெட்டில் வைத்தார். தனக்கு உள்ளே தெரியவில்லை என்று மூடியை எடுக்கச் சொன்னார். ஊற்றியதும் தெர்மாமீட்டரைத் தானே எட்டிப் பார்க்கப் போனார். அப்போது அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து பார்த்தார். ஐந்து புள்ளி நாலுதான் ஏறியிருந்தது.

"அம்பத்து நாலும் முப்பத்து நாலும் எம்பத்தெட்டு! பாத்தியாம்மா? அளக்கிற இடம் முக்கியம்."

"சார், ஆறினதுக்கு அப்புறம் பாத்திருக்கீங்க."

"இந்த ரூம்ல ஆரம்பமே இருபத்து நாலுதான். அப்படிப் போட்டா எழுபத்தெட்டுதான் வரும். நான் நியாயமா முப்பத்து நாலுதான் போட்டிருக்கேன்."

"டேங்க் வெயில்ல கீது சார். ஏசில இல்ல" என்றான் டில்லிபாபு.

அவனை வெளியே போகச் சொன்னார். மேடம் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாங்க. அன்று சாயங்காலமே அவங்களை கோடவுனுக்கு மாற்றி, காலி சாக்குகளை எண்ணச் சொன்னார்கள். படிவத்தில் கெமிஸ்ட் கையெழுத்து இருக்கும் இடத்தில் மேனேஜர், 'கெமிஸ்ட் விடுப்பில்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். விடுப்பில் போனவங்க ஐம்பது அடி தள்ளி சாக்கு எண்ணிக்கொண்டிருந்தாங்க.

மறுநாள் காலையில் நாங்கள் மேடை ஏறினோம். தன் நம்பர் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மேனேஜருக்கு அன்றைக்கு மட்டும் ஊருக்கு அந்தப் பக்கம், ஹெட் ஆபீஸில் மீட்டிங்.

டில்லிபாபு காஸ்டிக் வால்வைத் தொடவில்லை. "மாமு, எனுக்கு ரெண்டு புள்ள கீது. ஒனுக்கும் ரெண்டு கீது. அங்க பாரு, ஃபயர் டேங்குல தண்ணி தளும்பினு கீது. நாம வெந்தப்பறம் அத்த வெச்சி இன்னா பண்ணப் போறாங்கோ, நம்மள குளிப்பாட்டவா?"

நான் கோடவுன் பக்கம் பார்த்தேன். பிறகு ஹோஸ் பைப்பை இழுத்தேன். முதலில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணி, அப்புறம் ஆசிட், அதன் மேல் காஸ்டிக், வால்வைக் கால் திருப்பு மட்டும் திறந்து. அரை மணி நேர வேலையைக் காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் செய்தோம். மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். "நடக்குது சார்" என்றோம். டேங்க் தெர்மாமீட்டர் அறுபத்தாறில் போய் நின்றது. மேலே போகவில்லை. நான் பதிவேட்டில் அறுபத்தாறு என்று எழுதினேன். தண்ணி விட்டதை எழுதவில்லை. ஃபயர் டேங்க் தண்ணியைத் தொட்டால் மெமோ என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் கழித்து மீஞ்சூர் பக்கமிருந்து வந்த முதல் தண்ணி லாரியை ஃபயர் டேங்கில் காலி பண்ணினோம். ஆபீசர்கள் வந்தார்கள், தண்ணியைப் பார்த்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த நாள் மேனேஜர் ரூமில் எங்களை எல்லாம் கூப்பிட்டார்கள். மேடமையும் கோடவுனிலிருந்து வரவழைத்தார்கள். அவங்க சேலையில் சாக்குத் தூசி.

மேனேஜர் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "இவங்க நூத்தி ரெண்டுன்னாங்க. நான் எம்பத்தெட்டுன்னேன். வந்தது எவ்வளவு? நீயே சொல்லுப்பா."

"அறுபத்தாறு, சார்."

"சத்தமா."

"அறுபத்தாறு."

"முப்பத்தாறு டிகிரி தப்பு! ஒரு கெமிஸ்ட் இப்படி பயமுறுத்திக்கினே இருந்தா கம்பெனி எப்படி ஓடும்?"

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அந்தத் தலைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இரண்டாயிரம் லிட்டர் விட்டால் அறுபத்தெட்டு வர வேண்டும், நாள் முழுக்க இழுத்தடித்தால் இரண்டு டிகிரி குறையும். ஒரு நொடியில் அவங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போகும் என்பதும் விளங்கியிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. வால்வில் வைத்திருந்த தைரியம் நாக்கில் வரவில்லை, பிள்ளைங்களா.

அந்த வாரமே அவங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்பு வாரத்தில் மேனேஜருக்கு ஒரு ஷீல்டு கிடைத்தது. நானும் கை தட்டினேன். டேங்க் மேடைக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு போர்டு வைத்தார்கள்: 'நேரடியாகக் கலக்கலாம். அதிகபட்ச வெப்பநிலை 88.' அழகாக, சிவப்பு எழுத்தில்.

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஆசிட் மஞ்சளானது. இந்தத் தடவை மேடை டில்லிபாபுவுக்கும் புதுசாகச் சேர்ந்த ஓர் ஆபரேட்டருக்கும். புது கெமிஸ்ட் வந்திருந்தார், 'திருப்திகரம்' பெட்டியில் டிக் அடிக்க அவருக்கு இரண்டு வினாடி போதும். ஃபயர் டேங்க் வால்வில் இன்ஸ்பெக்‌ஷனுக்காகப் பூட்டு தொங்கியது. டில்லிபாபு என் பக்கத்தில் வந்து நின்றான். "மாமு, இந்த வாட்டி தண்ணி கூட இல்ல. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

நான் மேனேஜர் ரூமுக்குப் போனேன். "சார், அந்த அறுபத்தாறு உங்க முறையில வந்ததில்ல. நான்தான் ஃபயர் டேங்க்லேர்ந்து ரெண்டாயிரம் லிட்டர் தண்ணி விட்டேன். விடலைன்னா மேடம் சொன்ன நூத்தி ரெண்டுதான் சார் வந்திருக்கும்."

அவர் ரொம்ப நேரம் ஷீல்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, பேட்சை நிறுத்தச் சொன்னார். அதை மறைக்கக் கூடாது, நிறுத்தினார்.

மறுநாள் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று, 'மேனேஜரின் மேம்படுத்தப்பட்ட முறை: முதலில் இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் சேர்க்கவும்.' இன்னொன்று எனக்கு மெமோ, மூன்று நாள் சஸ்பெண்ட். மெமோ அடித்தவர் தமிழில் கெட்டிக்காரர். குற்றத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டும் என்று இப்படி எழுதியிருந்தார்: 'தாங்கள் தீயணைப்புத் தொட்டியின் நீரை அனுமதியின்றி எடுத்து, 102 டிகிரி வரை சென்றிருக்க வேண்டிய வெப்பநிலையை 66 டிகிரியாகக் குறைத்து, நிறுவனத்தின் பதிவேட்டில் தவறான தோற்றத்தை உண்டாக்கியுள்ளீர்கள்.' கீழே மேனேஜர் கையெழுத்து, கம்பெனி சீல்.

நான்கு தடவை படித்தேன். பிறகு அதை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ராயபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் நடந்துகொண்டிருந்தது. மேடம் இளைத்திருந்தாங்க. போன இடத்தில் எல்லாம், "அந்தக் கம்பெனியிலேர்ந்து ஏன் நின்னீங்க, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் எங்க?" என்று கேட்கிறார்களாம். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டவர்களிடம், "அந்தப் பொண்ணு கணக்கு எப்பவும் அதிகமாத்தான் வரும்" என்று பதில் போயிருக்கிறது.

மெமோவைக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்று படித்தாங்க.

"சீல் இருக்கு" என்றாங்க.

"இருக்கு, மேடம்."

"அவர் கையெழுத்துதானே இது?"

"அவருதுதான். மேடம், அன்னிக்கு ரூம்ல நான் சொல்லியிருக்கணும்."

"ஆமாண்ணே. சொல்லியிருக்கணும்."

அதற்கு மேல் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. பிள்ளைகளிடம், "அடுத்த கணக்கப் போடுங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டாங்க. தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் காகிதத்தை வாங்கி மேலோட்டமாகப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, சஸ்பெண்ட் ஆர்டரு மாறி கீது. இத்தப் போய் காப்பி போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கப் போறியா?"

"பத்து காப்பி போடுங்க" என்றாங்க மேடம். "பத்து கம்பெனிக்கு அப்ளை பண்ணணும்."

என் தண்டனைக் காகிதம் பத்து தடவை மெஷினில் ஓடியது. வந்த ஒவ்வொரு காப்பியையும் அவங்க ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, 102 தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாங்க. ஒரு காப்பியில் அந்த 2 கொஞ்சம் மங்கலாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வேறு போடச் சொன்னாங்க.